வேட்டை ரைபிளின் குழலைக் கட்டையில் படாமல் விட்டால் குறி கூடுமா? – முழுமையான வழிகாட்டி

விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டை ஒன்பது நாள்தான். நவம்பரில், நன்றிகூறல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஆகஸ்ட் புழுக்கத்தில் 100 கஜத்தில் அச்சாகக் குறி பார்த்து வைத்த என் .30-06 ரைபிள், உறைபனி விழுந்த நவம்பர் காலையில் முதல் தோட்டாவை மூன்று அங்குலம் வலப்பக்கம் போட்டது. நல்லவேளை, அது தாள் இலக்கு. ஸ்கோப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். திருகாணிகளை எல்லாம் பார்த்தேன், தோட்டாப் பெட்டியை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் வால்நட் கட்டையை (குழலையும் பொறியையும் தாங்கும் மர உடலை) கழற்றினேன். குழல் உட்காரும் பள்ளத்தின் இடப்பக்கச் சுவரில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று கறுத்த தடம் இருந்தது. மரம் திரும்பி, குழலை இடப்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

குழலைச் சுற்றி இடைவெளி விட்டு, அது கட்டையை எங்கும் தொடாதபடி செய்வதைத்தான் ஃப்ரீ ஃப்ளோட் என்கிறார்கள். ரிசீவர் (குழலின் பின்முனை பூட்டப்படும் உலோகக் கூடு) மட்டும் கட்டையில் இறுக்கமாக உட்காரும். அங்கிருந்து குழல் வாய் வரை குழல் தனியாக நிற்கும். இதைச் செய்தால் குரூப் (ஒரே இலக்கில் சுட்ட குண்டுகள் சிதறி விழும் அகலம்) பாதியாகச் சுருங்கிவிடும் என்று பலர் நம்பி உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார்கள். சில துப்பாக்கிகளில் குரூப் சுருங்கும், பலவற்றில் அப்படியே இருக்கும், சிலவற்றில் கொஞ்சம் விரியவும் செய்யும். நிச்சயமாகக் கிடைப்பது வேறு ஒன்று: ஆகஸ்டில் வைத்த குறி நவம்பரிலும் அதே இடத்தில் இருக்கும். வேட்டைக்காரருக்கு இதுதான் பெரிய விஷயம். மானின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். ஒன்றரை அங்குல குரூப் போடும் ரைபிள் அதற்குத் தாராளம். ஆனால் அந்தக் குரூப் மொத்தமும் பருவத்துக்குப் பருவம் 100 கஜத்தில் மூன்று அங்குலம் நகர்ந்தால், 250 கஜத்தில் அது ஏழு அங்குலத்துக்கும் மேல். அது ஒரு காயப்பட்ட விலங்கு.

குழலுக்குள் என்ன நடக்கிறது

.30-06 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். குண்டு குழலைக் கடக்க ஒரு மில்லிவினாடியை ஒட்டிய நேரம்தான். அதற்குள் குழல் ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பிபோல அதிர ஆரம்பித்துவிடும். குண்டு வாயை விட்டு வெளியேறும்போது ரைபிள் பின்பக்கமாக ஏற்கெனவே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்திருக்கும். அந்த நேரத்தில் குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, குண்டு அந்தப் பக்கம் போகும்.

அதிர்வு இருப்பதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வேண்டும், அவ்வளவுதான். மரம் ஒருநாள் தொட்டு ஒருநாள் தொடாமல் இருந்தால், ஒருநாள் லேசாகவும் மறுநாள் அழுத்தியும் தொட்டால், அந்த ஒழுங்கு கெடும். அளவைப் பாருங்கள்: 24 அங்குலக் குழலின் வாய் 0.1 மி.மீ. வளைந்தால் 100 கஜத்தில் குண்டு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஒரு அமெரிக்க டாலர் நோட்டின் தடிமனே 0.11 மி.மீ.தான்.

மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. குறுக்குவாக்கில்தான் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். இழை நேராக ஓடாத முன்கட்டை (கட்டையில் குழலுக்கு அடியில் நீளும் பகுதி) என்றால் அது முறுக்கிக்கொள்ளும். லேமினேட் கட்டை குறைவாக அசையும். ஃபைபர் கிளாஸ் கிட்டத்தட்ட அசையாது. விலை குறைந்த பிளாஸ்டிக் கட்டைக்கு ஈரம் பிரச்சினை இல்லை, ஆனால் அது வளையும். அதன் முன்கட்டையில் பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டிச் சாய்ந்து பாருங்கள், அல்லது தோள்பட்டியைக் கையில் சுற்றி இறுக்குங்கள். முன்கட்டை மேலேறிக் குழலை முட்டுவது கண்ணுக்கே தெரியும்.

முதல் வேலை: கையில் உள்ளதை அளப்பது

ரைபிளைக் காலி செய்யுங்கள். போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உருளையை) திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, மேகசினையும் கழற்றிய பிறகே மற்றது எல்லாம். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

அடுத்து, மரத்தைத் தொடுவதற்கு முன் இன்றைய நிலவரம் தாளில் இருக்க வேண்டும். ஸ்கோப் வளையங்கள், அடிப்பட்டை, ஆக்‌ஷன் திருகாணிகள் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த பகுதியைக் கட்டையோடு பூட்டுபவை) மூன்றும் சரியான இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று முறுக்கு அளவி வைத்துப் பாருங்கள். உங்கள் ரைபிளோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். வெறும் மரக் கட்டைக்குக் குறைவாகவும், உள்ளே அலுமினியத் தூண் வைத்த கட்டைக்குக் கூடுதலாகவும் இறுக்கம் தேவை. இதைச் செய்யாமலே கட்டையைச் சுரண்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேரின் கோளாறு ஸ்கோப் திருகாணியில்தான் இருந்தது. குழல் வாயின் விளிம்பில் அடி பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் ஃப்ரீ ஃப்ளோட் அதைக் காப்பாற்றாது.

அப்புறம், ஒரே பெட்டித் தோட்டாவில் ஐந்தைந்தாக நான்கு குரூப் சுடுங்கள். ஒவ்வொரு குரூப்புக்கும் இடையே குழலைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறவிடுங்கள். முன்கட்டை மணல் பையின் மீது எங்கே உட்காருகிறதோ, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரட்டும். குழல் பையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த குழலின் முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவது அந்த ஒன்றைத்தான்.

மூன்று தோட்டா குரூப்பை நம்ப வேண்டாம். குண்டுகள் சிதறும் கணக்குப்படி, சராசரியாக மூன்று தோட்டாவில் ஒரு அங்குலம் போடும் ரைபிள் ஐந்து தோட்டாவில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலும், பத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேலும் போடும். அதே ரைபிள், அதே தோட்டா, எண்ணிக்கை மட்டும்தான் வேறு. முன்பு ஐந்து தோட்டாவில் அளந்துவிட்டு, வேலை முடிந்தபின் மூன்றில் அளந்து, குறி கூடிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

அட்டைச் சோதனை

ஒரு டாலர் நோட்டையோ விசிட்டிங் கார்டையோ முன்கட்டையின் நுனியில் குழலுக்கு அடியில் வளைத்துச் செருகி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ரிசீவரை நோக்கி இழுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே மரம் தொடுகிறது. பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை இதோடு முடியவில்லை. ரைபிளை மணல் பையில் வைத்து, வழக்கமாகச் சுடும்போது அழுத்துவதுபோல் அழுத்தியபடி இன்னொருவரை அட்டையை இழுக்கச் சொல்லுங்கள். பட்டியை இறுக்கி ஒருமுறை. குழலையும் முன்கட்டையையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்து அமுக்கி ஒருமுறை. சும்மா நிற்கும்போது நழுவிய அட்டை இந்த மூன்றில் ஒன்றில் சிக்கினால், அந்தக் குழல் சுதந்திரமாக இல்லை.

அட்டை நுனியில் மட்டும் நின்றுவிட்டு அதற்கப்பால் தாராளமாக ஓடினால் அவசரப்பட வேண்டாம். அது பழுதாக இருக்காது. ரெமிங்டன் 700 போன்ற பல ரைபிள்களில் முன்கட்டை நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டிருப்பார்கள். அது சில பவுண்டு விசையில் குழலை மேல்நோக்கித் தாங்கும். மெல்லிய குழலின் அதிர்வை அடக்கத் தொழிற்சாலைகள் கையாண்ட வழி அது. பழைய வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள்களில் குழலையே முன்கட்டையோடு ஒரு திருகாணி போட்டுப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். டிக்கா டி3 போன்ற ரைபிள்கள் குழல் விலகியபடியே வருகின்றன. அவற்றில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

தொடவே கூடாத வகைகளும் உண்டு. லீவர் ஆக்‌ஷன் ரைபிள்களில் முன்கட்டை குழலோடும் மேகசின் குழாயோடும் கட்டப்பட்டது. குழல் வாய் வரை நீளும் மேன்லிகர் பாணிக் கட்டையும் அப்படித்தான். லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ராணுவ ரைபிளின் முன்கட்டை குழலை 2 முதல் 7 பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்குமாறுதான் பொருத்தப்பட்டது. அந்தக் கட்டையைச் சுரண்டினால் இருப்பதும் கெடும்.

மரத்தை வெட்டாமல் ஒரு ஒத்திகை

வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதலில் பொய்யாக விலக்கிப் பாருங்கள். ஆக்‌ஷனைக் கழற்றி, முன் பின் திருகாணித் துளைகளைச் சுற்றி ஒரே தடிமனில் மெல்லிய பித்தளை வாஷரோ வெட்டிய அட்டைத் துண்டோ வைத்து மறுபடி பூட்டுங்கள். அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே பெரும்பாலும் குழல் மரத்தை விட்டு எழுந்துவிடும். திருகாணி போதுமான அளவு மரையில் ஏறுகிறதா, போல்ட் தடையில்லாமல் ஓடுகிறதா, மேகசினிலிருந்து தோட்டா ஒழுங்காக ஏறுகிறதா, சேஃப்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி நான்கு குரூப்.

இது சோதனைக்கு மட்டும். வாஷரோடு வேட்டைக்குப் போகக் கூடாது. உயர்த்தும்போது ரீகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்தும் உலோக நீட்டம்) தன் பள்ளத்தில் முழுதாக இறங்காது, ஆக்‌ஷனும் இரண்டு புள்ளியில் நின்று லேசாக வளையும். அப்படியிருந்தும் குரூப் கெடாமல் இருந்தாலோ குறைந்தாலோ, உப்புத்தாளை எடுக்கலாம். ஒரேயடியாகச் சிதறினால் நிறுத்தி யோசியுங்கள். அதன் காரணம் பெரும்பாலும் பெடிங், அதாவது ஆக்‌ஷன் கட்டையில் உட்காரும் விதம். அதைக் கீழே சொல்கிறேன்.

பள்ளத்தை விரிப்பது

கட்டையைத் தனியாக எடுத்து, மெல்லிய துணி சுற்றிய பிடியில் குழல் பள்ளம் மேலே தெரியும்படி வையுங்கள். வெளிப்பக்க மெருகு கெடாமலிருக்கப் பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

எங்கே தொடுகிறது என்று துல்லியமாகத் தெரிய, குழலின் அடிப்பக்கம் லிப்ஸ்டிக்கை மெல்லியதாகத் தடவி, ஆக்‌ஷனைக் கட்டையில் இறக்கி, திருகாணியை இறுக்கி, மறுபடி எடுங்கள். பள்ளத்தில் சிவப்பு பட்ட இடம்தான் உங்கள் எதிரி. துப்பாக்கி ஆசாரிகள் இதற்கென்றே விற்கும் கறுப்பு மையைப் பயன்படுத்துவார்கள். லிப்ஸ்டிக் அதே வேலையைச் செய்யும், துடைக்கவும் எளிது.

குழல் ரிசீவரிலிருந்து வாயை நோக்கி மெலிந்துகொண்டே போகும். ஆகவே ஒரே உருளைக் கட்டையால் முழுப் பள்ளத்தையும் தேய்த்தால் முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் ஒடுங்கியும் போகும். இரண்டு மூன்று அளவுகளில் உருண்டைக் கம்போ நீள சாக்கெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துக் குழலைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனாக இருக்கட்டும். 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, நீண்ட இழுப்பாக, பள்ளத்தின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே ஆட்டினால் விளிம்பு அலை அலையாகிவிடும். அது கட்டையின் அழகைக் கெடுக்கும், பின்னால் சரிசெய்யவும் முடியாது. பத்து இழுப்புக்கு ஒருமுறை பூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டாலும் இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள், இல்லாவிட்டால் மேலிருந்து பார்க்கையில் குழல் கோணலாகக் கிடப்பதுபோல் தெரியும்.

எவ்வளவு இடைவெளி? டாலர் நோட்டு நுழைந்தால் போதும் என்று நிறுத்திவிடுபவர்களிடம் நான் உறுதியாக மாறுபடுகிறேன். நோட்டு அளவு இடைவெளிதான் இருப்பதிலேயே மோசமான நிலை. வறண்ட நாளில் தொடாது, மழை நாளில் தொடும். கைப்பிடி தளர்ந்தால் தொடாது, இறுகினால் தொடும். முன்பு ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருந்த ரைபிளை இப்போது ஒழுங்கின்றித் தொடவைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது பதினாறில் ஒரு அங்குலம், சுற்றிலும் வேண்டும். வளையும் பிளாஸ்டிக் கட்டையில் இன்னும் கொஞ்சம் கூட.

ரிசீவருக்கு முன்னால் குழலின் முதல் ஓரிரு அங்குலம் தடித்திருக்கும். அங்கே உப்புத்தாளைக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் துண்டைத் தாங்கவிடலாமா வேண்டாமா என்பது பெடிங் போடும்போது முடிவு செய்ய வேண்டியது. கனமான குழலுக்குத் தாங்கல் நல்லது என்பது என் கருத்து.

வெறும் மரத்தை மூடுவது

தேய்த்த இடத்தில் இப்போது மேல்பூச்சு இல்லாத வெறும் மரம் தெரிகிறது. இதை இப்படியே விட்டால், முன்பைவிட வேகமாக ஈரம் இழுக்கும் கட்டையை நீங்களே செய்துவிட்டீர்கள். எதைத் தடுக்க இத்தனை வேலை செய்தோமோ அதுவே திரும்பி வரும். 220 நம்பர் தாளால் மென்மையாக்கி, தூசி துடைத்து, டங் எண்ணெயோ பாலியூரித்தேனோ மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய வேண்டும். கையோடு மேகசின் பொந்தின் உட்பக்கத்தையும், பின்கட்டையின் ரப்பர் பட்டைக்கு அடியிலிருக்கும் குறுக்கு வெட்டு மரத்தையும் பூசிவிடுங்கள். மரம் அதிகம் ஈரம் குடிப்பது இழை முனை திறந்திருக்கும் அந்த இடத்தில்தான்.

பெடிங் இல்லாமல் முடியாது

ஃப்ளோட் செய்தேன், குறி கெட்டுவிட்டது என்பவர்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது. முன்கட்டை நுனியின் அழுத்தம் அதுவரை ஆக்‌ஷனைப் பின்பக்கம் அமுக்கி நிலையாக வைத்திருந்தது. அதை எடுத்ததும், ஆக்‌ஷன் சரியாக உட்காராத குறை வெளியே வந்துவிட்டது. குழலை விடுவித்தால் ரிசீவரை இரட்டிப்பு உறுதியாகப் பிடிக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ரைபிளை நிமிர்த்தி, முன்கட்டை நுனியில் குழலும் மரமும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, முன் திருகாணியைத் தளர்த்தி இறுக்குங்கள். அசைவு விரலுக்குத் தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்காருகிறது. டயல் கேஜ் இருந்தால் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பின் திருகாணிக்கும் அதேபோல.

அசைந்தால் எபாக்சி பெடிங் போட வேண்டும். அக்ராகிளாஸ், மரைன் டெக்ஸ், டெவ்கான் ஸ்டீல் புட்டி எல்லாமே பயன்படும். ரிசீவர் அடியிலும் ரீகாயில் லக் பள்ளத்திலும் மரத்தைக் கொஞ்சம் கொத்தி எடுத்து இடம் செய்யுங்கள். உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஏஜென்ட் தடவுங்கள். ஒருமுறை தடவிவிட்டு, கண்ணில் படாத இடம் இருக்கும் என்று நினைத்து இரண்டாம் முறையும் தடவுங்கள். திருகாணித் துளை, ஊசித் துளை, ட்ரிகர் பொந்து எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். துளைக்குள் எபாக்சி புகுந்து இறுகினால் பூட்டுப்போல மாட்டிக்கொள்ளும், கட்டையை உடைத்துத்தான் ஆக்‌ஷனை எடுக்க வேண்டிவரும். ரீகாயில் லக்கின் முன்பக்கம், இரு ஓரம், அடிப்பக்கம் இவற்றில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். பின்முகம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். உதையைத் தாங்கவேண்டியது அந்த ஒரு முகம்தான்.

குழல் பள்ளத்தின் நடுவில் நிற்கும்படி நுனியில் குழலைச் சுற்றி டேப் போட்டு, எபாக்சியை நிரப்பி, ஆக்‌ஷனை மெல்ல அழுத்தி இறக்குங்கள். திருகாணிகளை விரல் இறுக்கத்துக்கு மேல் இறுக்க வேண்டாம். இறுக்கினால் பழைய வளைவையே அச்செடுத்துவிடுவீர்கள். பிதுங்கி வருவதை உடனே துடைத்து, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். கழற்றிய பின் லக்கிலிருந்து டேப்பை எடுத்துவிட்டுப் பூட்டி, மறுபடி விரல் சோதனை செய்து பாருங்கள். இந்த வேலையில் தயக்கமிருந்தால் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுங்கள். காசு வீணாகாது.

மறுபடி சுட்டுப் பார்ப்பது

முன்பு செய்ததை அப்படியே செய்யுங்கள்: அதே தோட்டா, ஐந்தைந்தாக நான்கு குரூப், அதே இடைவேளை. ஜீரோ (ஸ்கோப்பில் வைத்த குறி) நகர்ந்திருக்கும், அது இயல்பு. குரூப்பின் அளவை முந்தைய தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு குழல் ஆறாமலே பத்து தோட்டா சுடுங்கள். சூடேறச் சூடேறக் குண்டுகள் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் எங்கோ இன்னும் தொடுகிறது, அல்லது குழலின் உலோகத்திலேயே இறுக்கம் இருக்கிறது. முதலாவதை அட்டை சொல்லிவிடும். இரண்டாவதற்கு நம் கையில் மருந்து இல்லை.

பெடிங் சரி, இடைவெளி சரி, அப்படியும் மெல்லிய குழல் முன்பைவிடச் சிதறுகிறதா? அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். முன்கட்டை நுனியிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, குழலுக்கடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அடுக்குக்கு ஒரு குரூப் சுடுங்கள். ஏதோ ஓர் உயரத்தில் குரூப் கூடிவந்தால் அந்த உயரத்துக்கு எபாக்சியில் இரண்டு சிறு மேடு வார்க்கலாம். எல்லாப் பக்கமும் பூச்சால் மூடிய கட்டையில் இது நன்றாகவே நிற்கும். ஆனால் வால்நட் கட்டையில் நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். கால் அங்குலம் குரூப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, நகராத குறியே எனக்கு வேண்டும்.

என் .30-06 விஷயத்தில் குரூப் அளவு பெரிதாக ஒன்றும் மாறவில்லை, முன்பும் ஒன்றரை அங்குலம், பின்பும் ஏறத்தாழ அதேதான். ஆனால் அதற்குப் பிறகு ஸ்கோப் டயலைத் தொடவேண்டிய தேவை வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், அட்டையை மட்டும் செருகி இழுத்துப் பார்க்கிறேன். போன முறை பாதி வழியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், இடைவெளிக்குள் காய்ந்த பைன் ஊசியிலை ஒன்று குழலுக்கும் மரத்துக்கும் நடுவே சொருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, குளிர்ந்த குழலில் ஒரே ஒரு தோட்டா சுட்டேன். முந்தைய வருடம் வைத்த இடத்திலேயே விழுந்தது.